ரோம் பார்க்ல ஆறு கோர்ஸ் கட்டுச்சோறு: மொத வருஷம் சொதப்புனதும் அடுத்த வருஷம் தேறுனதும்

ரிசோத்தோங்கற இத்தாலி அரிசிச் சோத்த ஹாட்பேக்ல போட்டு மெட்ரோல தூக்கிட்டுப் போனவ இந்த ரோம் ஊர்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். வீட்ட விட்டு கிளம்பும்போது அது ரிசோத்தோ, பார்க்ல மூடியத் தெறந்தப்ப அது வெண்பொங்கல். கரண்டிய குத்துனா கரண்டி நட்டுக்கிட்டு நிக்குது. கூட வந்த நம்மூர் ஃபேமிலி "பொங்கல் சூப்பரா இருக்கே, மிளகு மட்டும் கொஞ்சம் போட்டிருக்கலாம்"னு ரசிச்சு சாப்ட்டாங்க, எங்க மேல் வீட்டு சிஞ்ஞோரா (இத்தாலிக்கார அம்மா) மட்டும் அத ரெண்டு நிமிஷம் பாத்துக்கிட்டே இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல. அந்த அம்மா ஒண்ணும் சொல்லலன்னா விஷயம் பெருசுன்னு அர்த்தம்.

இது 2024 ஏப்ரல் 1ம் தேதி கதை. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கிழமைய இங்க பாஸ்க்வெத்தான்னு சொல்வாங்க, லீவு நாள், ஊரே மூட்டைய கட்டிக்கிட்டு புல்வெளி தேடிப் போயிடும். "நத்தாலே கோன் இ துவோய், பாஸ்க்வா கோன் கி வுவோய்"ன்னு ஒரு பழமொழி, கிறிஸ்மஸ்னா சொந்தக்காரங்களோட, ஈஸ்டர்னா உனக்கு யாரப் பிடிக்குதோ அவங்களோட. நம்ம ஆடிப்பெருக்குக்கு காவிரிக்கரைல புளி சாதம், எலுமிச்ச சாதம், தேங்கா சாதம்னு கட்டிக்கிட்டுப் போய் உக்காருவோமே, அதே சந்தோஷம்தான். நான் திருச்சிக்காரி, அம்மா மண்டபம் படித்துறைல சித்ரான்னம் தின்னு வளந்தவ, அதனால "பிக்னிக் சாப்பாடு மொத்தமும் என் பொறுப்பு"ன்னு நானா போய் தலைய குடுத்தேன். அதுவும் சும்மா இல்ல, இத்தாலிக்காரங்களுக்கு இத்தாலி முறைப்படி கோர்ஸ் கோர்ஸா போட்டு அசத்தப்போறேன்னு.

என்னென்ன பண்ணேன்னு சொன்னா சிரிப்பீங்க. புருஸ்கெத்தா, தக்காளி மொஸரெல்லா அடுக்குன காப்ரேசே, சுப்ளி, ரிசோத்தோ, காரமான பென்னே பாஸ்தா, கார்லிக் பிரெட், சிக்கன் கட்லெட், உருளைக்கிழங்கு ரோஸ்ட், காளான், அப்புறம் திராமிசு, பன்னகோத்தான்னு ரெண்டு க்ரீம் இனிப்பு. பதினோரு அயிட்டம். முந்தின நாள் ராத்திரி 2 மணி வரைக்கும் அடுப்படிலயே நின்னேன். கார்லிக் பிரெட்ங்கறது இத்தாலிக்காரங்க சாப்பாடே இல்ல, அது அமெரிக்கா போன இத்தாலியர்கள் வழியா உலகம் சுத்துன சமாச்சாரம்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சுது. புருஸ்கெத்தால தக்காளிய வீட்லயே வச்சு எடுத்துட்டுப் போனதால ரொட்டி ஊறிப்போய் கையில தூக்குனா நடுவுல தொங்குது. மொஸரெல்லா டப்பா பூரா தண்ணி விட்டிருந்துச்சு. சுப்ளின்னா சோறு உருண்டைக்குள்ள மொஸரெல்லா வச்சு பொரிக்கறது, சூடா பிச்சா உள்ள சீஸ் டெலிஃபோன் ஒயர் மாதிரி இழுக்கும், அதனாலயே அதுக்கு "டெலிஃபோன் சுப்ளி"ன்னு பேரு. என்னோடது ஆறிப்போய் உள்ள ரப்பர் மாதிரி கிடந்துச்சு. திராமிசு பத்தி பேசவே வேணாம், அத டம்ளர்ல ஊத்திக் குடிச்சோம்.

ஆனா சாப்பாடு கெட்டது பாதிதான். இன்னொரு பாதி சொதப்பல் வேற எடத்துல. நான் பதினோரு டப்பாவையும் ஒரே நேரத்துல தெறந்து பந்தி மாதிரி பரப்பி வச்சுட்டேன், எல்லாரும் ஒரு பேப்பர் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து பென்னேக்குப் பக்கத்துல திராமிசு, கட்லெட்டுக்கு மேல பன்னகோத்தான்னு அள்ளிக்கிட்டாங்க, இருபது நிமிஷத்துல சாப்பாடே முடிஞ்சு போச்சு, அப்புறம் சாயந்தரம் வரைக்கும் என்ன பண்றதுன்னு தெரியாம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். சிஞ்ஞோரா தட்ட கையில வச்சுக்கிட்டு எதுல ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நின்னாங்க பாருங்க, அது இன்னும் கண்ணுல நிக்குது. திரும்பி வரும்போது மெட்ரோல மெதுவா கேட்டாங்க, "நீ ஏன் எல்லாத்தையும் ஒண்ணா வச்ச?"

எனக்கு கொஞ்சம் ரோஷம் வந்துருச்சு. எங்க ஊர்ல இலைல எல்லாத்தையும் ஒண்ணாத்தான் வைப்போம்னேன். அவங்க விடல, "எல்லாத்தையும் ஒண்ணாவா சாப்புடுவீங்க?"ன்னாங்க. யோசிச்சா இல்லல்ல? காயும் அப்பளமும் இலைல கிடக்கும், ஆனா மொதல்ல பருப்பு நெய், அப்புறம் சாம்பார், அப்புறம் ரசம், கடைசில மோர். ரசத்துக்கு சோறு வாங்கிட்டு மறுபடி சாம்பார் கேட்டா பந்தில பரிமாறுறவர் ஒரு பார்வ பாப்பார். நம்மளுது நாலு கோர்ஸ் சாப்பாடு, அதுக்கு யாரும் பேர் வைக்கல அவ்வளவுதான். அத சொன்னதும் சிஞ்ஞோரா "அப்ப உனக்கே தெரியுமே"ன்னு சிரிச்சுட்டாங்க. எனக்கு சாம்பார் ரசம் வரிச தெரியும், அத பார்க்குக்கு தூக்கிட்டுப் போகணும்னு மட்டும் தோணல.

அடுத்த வருஷம் அவங்களே கூட உக்காந்து ப்ளான் போட்டாங்க.

மொதல்ல இத்தாலி சாப்பாட்டு வரிசைய சுருக்கமா சொல்லிடறேன். அந்திபாஸ்தோ, அதாவது பசியக் கெளப்ப சின்னதா ஏதாவது. அப்புறம் ப்ரீமோ, பாஸ்தாவோ சோறோ சூப்போ. அப்புறம் செகோந்தோ, கறியோ மீனோ முட்டையோ சீஸோ, அது கூடவே கோன்தோர்னோன்னு ஒரு காய். அதுக்கப்புறம் பழம், அப்புறம் தோல்ச்சே, இனிப்பு. கடைசில காபி, காபிக்கு அப்புறம் பெரியவங்களுக்கு ஒரு குட்டி கிளாஸ் மது, லிமொன்செல்லோவோ அமாரோவோ. தெனமும் யாரும் இப்படி சாப்புடறதில்ல, இங்க வேலைக்குப் போறவங்க மத்தியானம் ஒரு பாஸ்தாவோட முடிச்சுக்குவாங்க. ஞாயித்துக்கெழமை, பண்டிகைன்னாதான் முழு வரிச. ரோம் பக்கம் வீட்டுச் சாப்பாட்டக் கட்டிக்கிட்டு வெளிய போறவங்களுக்கு ஃபகொத்தாரின்னு பேரே இருக்கு, ஃபகொத்தோன்னா மூட்ட. முன்னெல்லாம் ஃப்ராஸ்காத்தி மாதிரி மலையடிவார ஊர்கள்ல வைன் கடைல வைன மட்டும் வாங்கிக்கிட்டு சாப்பாட்ட சொந்த மூட்டைல இருந்து எடுத்து சாப்புடுவாங்களாம், இப்பவும் சில கடைல அப்படி விடுறாங்க. கட்டுச்சோத்துக்காரங்கன்னு சொல்லலாம். அந்த வார்த்தைய கேட்டதுல இருந்து எனக்கு இந்த ஊர் மேல ஒரு தனி பாசம்.

சிஞ்ஞோரா போட்ட மொத கண்டிஷன், "எந்த டிஷ்ஷும் சூடா இருந்தாத்தான் நல்லாருக்கும்னா அது லிஸ்ட்லயே வரக்கூடாது". ரிசோத்தோ, சுப்ளி, பொரிச்ச உருளைக்கிழங்கு எல்லாம் அங்கயே அடிபட்டுச்சு. ஜில்லுன்னு இருந்தாத்தான் நிக்கும்னா அதுவும் கூடாது, திராமிசுவும் பன்னகோத்தாவும் அவுட். மிச்சம் இருக்கறது ரூம் டெம்பரேச்சர்ல நல்லாருக்கறதும், செஞ்ச மறுநாள் இன்னும் நல்லாருக்கறதும்தான். இத்தாலி சமையல்ல இந்த ரகம் நெறையவே இருக்கு, நம்ம புளியோதரை மாதிரி.

ரெண்டாவது கண்டிஷன், கஷ்டப்பட்டு சமைக்கற டிஷ் ஒண்ணே ஒண்ணு. இன்னொண்ணு சுமாரா வேல வாங்கலாம். மத்ததெல்லாம் கடைல வாங்கறதோ கழுவி நறுக்கறதோதான். இத ஏத்துக்க எனக்கு மனசே வரல, கடைல வாங்கி வைக்கறது விருந்தான்னு. ஆனா இங்க அலிமென்தாரின்னு தெருமுனைக் கடைங்கள்ல கெடைக்கற சீஸ், ஆலிவ், போர்கெத்தாங்கற சுட்ட பன்னிக்கறி எல்லாம் நாம வீட்ல பண்ணவே முடியாத சமாச்சாரம், அத வாங்கறதுல கௌரவக் கொறச்சல் ஒண்ணும் இல்ல. ஒரு டிப்ஸ், இந்தக் கடைல கிராம்னு சொல்லமாட்டாங்க, எத்தோன்னு கேப்பாங்க, ஒரு எத்தோ 100 கிராம், "தூயே எத்தி"ன்னா 200. நான் மொத தடவ இது தெரியாம தலையாட்டிட்டே நின்னு அரை கிலோ ஆலிவோட வீட்டுக்கு வந்தேன்.

மூணாவது கண்டிஷன்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு கோர்ஸ்ல வந்த முக்கியமான பொருள் இன்னொண்ணுல வரக்கூடாது. எங்க அம்மா சாம்பார்ல கத்திரிக்கா போட்டா அன்னிக்கு பொரியல் கத்திரிக்கா வைக்கமாட்டாங்க, அதே சட்டம். இத வச்சுப் பாத்தா என் மொத வருஷ மெனுல தக்காளி மூணு எடத்துல, மொஸரெல்லா ரெண்டு எடத்துல, க்ரீம் மாதிரி இனிப்பு ரெண்டு. யாருக்குமே ஏன் சலிச்சுதுன்னு இப்ப புரியுது.

இப்ப மெனு போட்ட கதைய சொல்றேன், இங்கதான் மண்ட காஞ்சுது. நாங்க 12 பேரு, 9 பெரியவங்க, 3 பசங்க. அதுல ஒரு நம்மூர் ஃபேமிலி 4 பேரு சுத்த சைவம், முட்ட கூட கெடையாது. செகோந்தோக்கு சைவக்காரங்களுக்கு கத்திரிக்கா பார்மிஜானாதான்னு மொதல்லயே முடிவாகிடுச்சு, கத்திரிக்காய வறுத்து தக்காளி சாஸ், மொஸரெல்லா, துளசி மாதிரி இருக்கற பசிலிகோ இல எல்லாம் அடுக்கி அவன்ல வைக்கறது, அது மறுநாள்தான் துண்டு போட நல்லா வரும், எல்லாருக்கும் ஒத்து வரும். பார்மிஜானால தக்காளி வந்துருச்சா, அப்ப ப்ரீமோல தக்காளி கூடாது. அது பொரிச்சதா, அப்ப வறுத்த சுக்கினி கூடாது. கோன்தோர்னோக்கு விஞ்ஞரோலா பண்ணலாம்னேன், அது ரோம்ல வசந்த காலத்துல மட்டும் பண்ற கூட்டு, பச்ச ஃபாவே பீன்ஸ், பட்டாணி, ஆர்டிசோக் எல்லாம் போட்டு. ஈஸ்டருக்கு ஓக்கேன்னாங்க. அப்புறம் தேதி மாறுனதுல அதுவும் அடிபட்டுச்சு, அத சொல்றேன்.

சைவக்காரங்களுக்கு சமைக்கறவங்க இத கவனிங்க. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் சைவம் இல்ல. கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட்ட போட்டுத்தான் பால தெரிக்க வைப்பாங்க, அதுதான் அதோட சட்டமே. க்ரானா பதானோவும் அப்படித்தான், பெகொரீனோ ரொமானோக்கு ஆட்டுக்குட்டியோடது. நான் மூணு வருஷமா அந்த ஃபேமிலிக்கு பாஸ்தா மேல தாராளமா தூவி குடுத்திருக்கேன், ரெண்டு பேருக்குமே தெரியாது. இப்ப லேபிள்ல "கால்யோ வெஜெதாலே" (செடியில எடுத்த ரென்னெட்) அல்லது "கால்யோ மிக்ரோபிகோ" (நுண்ணுயிர்ல எடுத்தது)ன்னு இருக்கான்னு பாத்து வாங்கறேன், பெரிய சூப்பர் மார்க்கெட்ல கெடைக்குது. கடைல வாங்கற பெஸ்தோ சாஸ்லயும் இந்த சீஸ் இருக்கும். பன்னகோத்தால ஜெலட்டின். பழசுக்கெல்லாம் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன், "தெரியாம பண்ணதுக்கு என்ன, விடு"ன்னு பெருந்தன்மையா சொன்னாங்க.

ப்ரீமோக்கு பாஸ்தா ஃப்ரித்தாத்தா. நேப்பிள்ஸ்காரங்க கண்டுபிடிப்பு, மிச்சமான பாஸ்தாவ முட்டையோட கலந்து அடை மாதிரி தட்டி ரெண்டு பக்கமும் சிவக்க விடறது, பீச்சுக்கு போறவங்க கையில இதுதான் இருக்கும். கேக் மாதிரி துண்டு போட்டா தட்டே வேணாம். அளவு சொல்றேன், ஸ்பகெத்தி 350 கிராம், முட்ட 6, துருவுன சீஸ் 100 கிராம், மிளகு கொஞ்சம் தூக்கலா. அடிகனமான கடாய்ல எண்ணெய் ஊத்தி சின்ன தீயில ஒரு பக்கம் 8, 10 நிமிஷம், அப்புறம் தட்ட கவுத்துப் போட்டு திருப்பி மறுபக்கம். திருப்பறதுக்கு எல்லாரும் பயப்படுவாங்க, அடை திருப்புன கைக்கு இது ஒரு விஷயமா? அவசரப்பட்டு தீய ஏத்துனாதான் நடுவுல பச்ச முட்ட நிக்கும். இந்த அளவு நல்லா சாப்புடற 8 பேருக்கு வரும், மத்த கோர்ஸும் இருக்கறதால. தனியா பாஸ்தா மட்டும்னா ஆளுக்கு 80லேந்து 100 கிராம், ஆறு கோர்ஸ்ல ஒண்ணுன்னா 40லேந்து 60 போதும். மொத வருஷம் நான் ஒவ்வொண்ணையும் அது மட்டும்தான் சாப்பாடுங்கற கணக்குல பண்ணிருந்தேன், புதன்கிழமை வரைக்கும் பென்னே சாப்ட்டோம்.

சைவக்காரங்க நாலு பேருக்கு குளிர் பாஸ்தா, ஃபுசில்லி 250 கிராம், எலுமிச்சத் தோல் துருவுனது, கறுப்பு ஆலிவ், கேப்பர்ஸ், வறுத்த பாதாம், நல்ல ஆலிவ் எண்ணெய். 100 கிராம் பாஸ்தாக்கு ஒரு லிட்டர் தண்ணி 10 கிராம் உப்பு, இது இந்த ஊர் குழந்தைக்கு கூட தெரிஞ்ச கணக்கு. பாக்கெட்ல 11 நிமிஷம்னு போட்டிருந்தா 9லயே எடுத்துடணும், ஆறும்போது அது தானா இன்னும் கொஞ்சம் வேகும். எடுத்த உடனே அகலமான ட்ரேல பரப்பி எண்ணெய் பெசறி விட்டுடணும், குமிச்சு வச்சா களியாயிடும். சாதத்த பெரிய தாம்பாளத்துல கொட்டி ஆறவிட்டு நல்லெண்ணெய் விட்டுத்தானே புளிக்காய்ச்சல் கலப்போம்? ஒரு வித்தியாசமும் இல்ல. இத முன்னாடியே யோசிச்சிருந்தா மொத வருஷமே தப்பிச்சிருப்பேன்.

2025ல பாஸ்க்வெத்தா ஏப்ரல் 21. எல்லாம் ரெடி, பார்மிஜானா ராத்திரியே ஃப்ரிட்ஜுக்குள்ள, ஃப்ரித்தாத்தா காலைல பண்ணி ஆற வச்சாச்சு, ஐஸ் கட்டி பையில அடுக்கிட்டு இருக்கேன், மேல் வீட்ல இருந்து சிஞ்ஞோரா படியிறங்கி வந்து கதவுல நின்னு அழறாங்க. போப் ஃப்ரான்சிஸ் காலைல 7.35க்கு இறந்துட்டார்னு அப்பதான் நியூஸ். முந்தின நாள் ஈஸ்டர் அன்னிக்குத்தான் பால்கனில வந்து ஆசீர்வாதம் பண்ணத டிவில பாத்தோம். பார்க்குக்கு போறதப் பத்தி யாரும் பேசவே இல்ல. கட்டுன பைங்கள தூக்கிக்கிட்டு எல்லாருமா அவங்க வீட்டு சாப்பாட்டு மேசைல போய் உக்காந்தோம், டிவி சத்தமில்லாம ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவங்களுக்கு சாப்புட மனசில்ல, இருந்தாலும் பழக்கதோஷம், ஒரு தட்ட எடுத்து இன்னொரு தட்ட வச்சாங்க, நடுவுல பேசுனாங்க, மறுபடி ஒரு டப்பாவ தெறந்தாங்க. மத்தியானம் ஒண்ணரைக்கு உக்காந்தவங்க எந்திரிக்கும்போது நாலே முக்கால். துக்க வீட்ல கூட அந்த வரிச ஒரு கைப்பிடி மாதிரி இருந்துச்சு, அடுத்து என்னன்னு யாரும் யோசிக்க வேண்டியதில்ல.

பிக்னிக்க மே 1க்கு தள்ளி வச்சோம். அங்கதான் மெனு மறுபடி கலைஞ்சுது. ரோம்ல மே தினம்னா பச்ச ஃபாவேயும் பெகொரீனோவும், அதான் சம்பிரதாயம், அதுக்கு மாற்றே கெடையாது. ஃபாவேன்னா நம்ம மொச்சைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, பெரிய பச்ச காய், உரிச்சு உள்ள இருக்கற பருப்ப பச்சையாவே உப்பு சீஸோட கடிச்சு சாப்புடணும். சமையலே இல்ல, உக்காந்து பேசிக்கிட்டே அவங்கவங்க உரிச்சுக்க வேண்டியதுதான், ஒரு கிலோ காய்ல மூணுல ஒரு பங்கு பருப்பு தேறுனா பெருசு, 12 பேருக்கு 3 கிலோ வாங்குனோம். அந்திபாஸ்தோல ஃபாவே வந்தா கோன்தோர்னோல ஃபாவே போட்ட விஞ்ஞரோலா எப்படி வரும்? அது போய் ஃபினோக்கியோவும் ஆரஞ்சும் போட்ட சாலட் வந்துச்சு. ஃபினோக்கியோ சோம்புச் செடியோட அடிக்கெழங்கு மாதிரி, கடிச்சா மொறுமொறுன்னு லேசா சோம்பு வாசம், எண்ணெய் விட்ட பார்மிஜானாக்கு அப்புறம் வாய கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். ஜி6பிடி குறைபாடு (பொறப்புலயே ஒரு என்சைம் கொறவா இருக்கறது) இருக்கறவங்க ஃபாவே சாப்பிடவே கூடாது, ரத்த சிவப்பணுக்கள் ஒடைஞ்சு ஆஸ்பத்திரி கேஸ் ஆயிடும். இத்தாலில சார்தீனியா பக்கம் இது நெறைய பேருக்கு உண்டு, அதனால காய்கறிக் கடை வாசல்லயே "இங்க பச்ச ஃபாவே விக்கறோம்"னு போர்டு வைப்பாங்க, நான் ரொம்ப நாளா அது விளம்பரம்னு நெனச்சிருந்தேன், அது எச்சரிக்கை. இந்தியால இருந்து வந்தவங்கள்லயும் இந்தக் குறைபாடு உள்ளவங்க உண்டு, அதனால கூப்பிடும்போதே எல்லார்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

மே 1 கடைங்க நெறைய மூடியிருக்கும், மெட்ரோவும் வழக்கமான நேரத்துக்கு ஓடாது, ரெண்டையும் மொத நாளே பாத்துடணும். ரொட்டி முந்தின நாளே வாங்கணும்ங்கறதால மெல்லிசான ரொட்டி கூடாது, ரெண்டு மூணு நாள் தாங்கற ஜென்சானோ ரொட்டி மாதிரி தடிச்ச தோலு உள்ளதா பாத்து வாங்குனோம். அசைவக்காரங்களுக்கு செகோந்தோ அரிச்சா ஊர் போர்கெத்தா, எலும்பு எடுத்த முழுப் பன்னிய ரோஸ்மேரி, பூண்டு, மிளகெல்லாம் அடைச்சு சுட்டது, ஆறுனப்புறம்தான் அதுக்கு ருசி. ஆளுக்கு 100 கிராம் கணக்கு போட்டு 8 எத்தி, அதுல கடக்காரர் ஒரு துண்டு எனக்கு டேஸ்ட்டுக்கு நீட்டுனது கணக்குல இல்ல.

பேக்கிங் பத்தி சொல்லணும்ல. எங்க அம்மா கல்யாணத்துக்கு குடுத்த அஞ்சடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் அலமாரிக்கு மேல சும்மா தூங்கிட்டு இருந்துச்சு. சைவக்காரங்க சாப்பாடு மொத்தத்தையும் அதுல அடுக்குனேன், மேல் தட்டுல சைவ சீஸும் ஆலிவும், அதுக்கு கீழ பாஸ்தா, அதுக்கு கீழ பார்மிஜானா, அப்புறம் ஃபினோக்கியோ, அடில எலுமிச்ச சாறும் சர்க்கரையும் பெசறுன ஸ்ட்ராபெர்ரி. ஒவ்வொரு தட்டா கழட்டக் கழட்ட கோர்ஸ் தானா வருது! போர்கெத்தா கத்தி அதுல படுமோங்கற பயமும் இல்ல. சிஞ்ஞோரா அத கையில வாங்கி தட்டத் தட்டா கழட்டி மாட்டி கழட்டி மாட்டி பாத்தாங்க, இவ்வளவு நாள் இத எங்க ஒளிச்சு வச்சிருந்தன்னு எனக்கு திட்டு வேற.

மத்தவங்க பைக்கும் அதே லாஜிக்தான், கடைசில சாப்புடறது அடில, மொதல்ல சாப்புடறது மேல. கூலிங் பையில ஐஸ் கட்டிய அடில வைக்காம மேல வைங்க, குளிர்ச்சி கீழதான எறங்கும். குளிர் பைக்கு வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல எதையும் விடாதீங்க, வெயில் 32 டிகிரி தாண்டுனா ஒரு மணி நேரம்தான். கோர்ஸ் முறைல இதுக்கு ஒரு வசதி இருக்கு, எல்லாத்தையும் ஒரேயடியா தெறக்கறதில்லையே, செகோந்தோ உள்ளயே குளிர்ச்சியா காத்துக்கிட்டு இருக்கும், நாம பாஸ்தா முடிக்கும்போது வெளிய எடுத்தா போதும். சாலட்டுக்கு உப்பு, எண்ணெய், வினிகர் எல்லாம் ஒரு ஜாம் பாட்டில்ல தனியா கொண்டு போய் அங்க வச்சு குலுக்கி ஊத்தணும், வீட்லயே ஊத்துனா தண்ணி விட்டுடும். ஆளுக்கு ரெண்டு தட்டு, ப்ரீமோக்கு ஒண்ணு செகோந்தோக்கு ஒண்ணு, இதுல சிஞ்ஞோரா விட்டுக்குடுக்கவே இல்ல. துணி மேசைவிரிப்பும் அவங்க கட்டாயம்தான், ப்ளாஸ்டிக் ஷீட் அடில இருக்கலாம், கண்ணுல தெரியக்கூடாது.

போன எடம் பார்க்கோ தெல்யி அக்வெதொத்தி, மெட்ரோ ஏ லைன்ல ஜூலியோ அக்ரிகோலா ஸ்டேஷன்ல எறங்கி நடக்கற தூரம். கி.பி. 38ல கலிகுலா ஆரம்பிச்சு 52ல க்ளாடியுஸ் முடிச்ச அக்வா க்ளாவ்தியாவோட வளைவுங்க வரிசையா நிக்குது, அந்தக் காலத்துல ரோமுக்கு தண்ணி கொண்டு வந்தது. நாம அதோட நெழல்ல உக்காந்து ஆலிவ் கொட்டைய துப்பிக்கிட்டு இருக்கோம். தண்ணி பாட்டில் சொமந்துட்டு போகாதீங்க, நசோனின்னு மூக்கு மாதிரி வளைஞ்ச இரும்புக் குழாயோட தெருக்குழாய் ரோம் பூரா 2500 கிட்ட இருக்கு, நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கும், நல்ல குடிதண்ணி, ஜில்லுன்னு. காலி பாட்டில் போதும்.

12 மணிக்கு ஃபாவே உரிக்க ஆரம்பிச்சோம். பசங்களுக்கு அதுவே வெளயாட்டு. ஒரு மணிக்கு ஃப்ரித்தாத்தா, நின்னுக்கிட்டே கையில வாங்கிக்கிட்டாங்க, பசங்க கடிச்சுக்கிட்டே பந்து ஒதைக்க போயிட்டாங்க. அரை மணி நேரம் சும்மா. ரெண்டு மணி வாக்குல பார்மிஜானாவும் போர்கெத்தாவும். அப்புறம் என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் தூங்கியே போயிட்டார், எழுப்பி ஸ்ட்ராபெர்ரி குடுத்தோம். தோல்ச்சே நான் பண்ணல, வைன்ல பெசஞ்சு பண்ற சாம்பெல்லீனின்னு வளைய பிஸ்கட், முட்ட பால் ஒண்ணும் கெடையாது, மாவு, சர்க்கரை, எண்ணெய், வைன் அவ்வளவுதான், ஒரு வாரம் ஆனாலும் கெடாது, நம்ம முறுக்கு மாதிரி தூக்கு டப்பால போட்டு எடுத்துட்டு வந்தாங்க சிஞ்ஞோரா. சைவக்கார மாமாக்கு முட்ட இல்லைன்னதும் சந்தோஷம், வைன் இருக்குன்னதும் யோசன, அவன்ல வெந்துடுச்சுல்லன்னு அவரே தீர்ப்பு சொல்லிட்டு நாலு எடுத்துக்கிட்டார்.

காபில மட்டும் சண்ட. சிஞ்ஞோரா மோகா கெண்டில போட்ட பாலில்லாத காபிய சர்க்கரையோட தெர்மாஸ்ல கொண்டு வந்திருந்தாங்க, ஊத்தறதுக்கு முன்னாடி தெர்மாஸ கொதிக்கற தண்ணி விட்டு அஞ்சு நிமிஷம் வச்சு கொட்டிடணும், இல்லன்னா மூணு மணிக்கு வெதுவெதுன்னுதான் இருக்கும். நான் இன்னொரு ஃப்ளாஸ்க்ல பில்டர் காபி, பாலோட. சாப்பாட்டுக்கு மேல பாலா, வயித்துல எப்படி செரிக்கும்னு சிஞ்ஞோரா நெஞ்சுல கை வச்சுட்டாங்க, இங்க காலைல 11 மணிக்கு மேல கப்புச்சினோ கேட்டாலே ஒரு மாதிரி பாப்பாங்க. நாலு வாய் குடிச்சுப் பாத்துட்டு "காலைல குடுத்திருந்தா குடிப்பேன்"னு டம்ளர திருப்பிக் குடுத்தாங்க, ஆனா டம்ளர் காலி.

இப்ப அடுத்தது ஆகஸ்ட் 15, ஃபெர்ராகோஸ்தோங்கற கோடைப் பண்டிகை லீவு. அன்னிக்கு வெயில் மண்டய பொளக்கும், பார்மிஜானா எல்லாம் நெனச்சுக்கூட பாக்க முடியாது, குளிர் அரிசி சாலட்டும் தர்பூசணியும்தான்னு முடிவாகிடுச்சு. அரிசி வேலைய என்கிட்ட விட்டுட்டாங்க, புழுங்கலரிசிதான் ஒட்டாம வரும்னு நான் சொன்னத அவங்க ஏற்கனவே பண்றாங்க, இங்க கடைல பாயில்டுன்னு அதுக்குன்னே வச்சிருக்காங்க. வடிச்ச சோத்த வெளிய விட்டுடாம பரப்பி சீக்கிரம் ஆற வச்சு உடனே ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளணும், சோத்துல வளர்ற கிருமி திரும்ப சூடு பண்ணாலும் அதோட விஷம் போகாது. இதுல எல்லாம் தகராறு இல்ல. சாலட்டுல வூர்ஸ்டெல் சாசேஜ் நறுக்கிப் போட்டாத்தான் அது அரிசி சாலட்டுன்னு அவங்க, சைவக்காரங்க டிபன் கேரியர்ல அத வைக்க முடியாதுன்னு நான். ரெண்டு வாரமா படிக்கட்டுல பாக்கறப்பெல்லாம் இதே பேச்சுதான் ஓடிக்கிட்டு இருக்கு.